ஆறு நிமிடம் மூத்தவள்

உடல்வயதுமானி அமுதினியின் கட்டைவிரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அறுபத்தொன்று என்றது. அடுத்து விரல் வைத்த தங்கை குமுதினிக்கு நாற்பத்து நான்கு.

இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். பிறந்து ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஆனால் தூத்துக்குடியில் இப்போதெல்லாம் பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை. வேலை, ஓய்வு, பேருந்தில் இருக்கை எல்லாமே மானி சொல்லும் வயதுக்குத்தான்.

"அம்மாவும் மகளுமா?" என்று கேட்டாள் மானிக்கூடத்துப் பெண்.

அமுதினிக்கு வயிறு எரிந்தது. ஆறு நிமிடம் மூத்தவள் என்பதற்காக, வந்த வரனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். இருபது வயதுக்குள் முதல் பிரசவம், பிறகு இரண்டு. எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டாள். ரத்தசோகையைச் சோம்பல் என்றார்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் உடம்பு தீயாய்க் காய்ந்தபோது, குளிருகிறது என்று கணவர் தர்மசீலன் மின்விசிறியை நிறுத்தினார். குமுதினியோ படித்து, கடல்நீர் ஆலையில் பொறியாளராகி, தனியாக வாழ்ந்தாள். அவள் கழுத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"என் முகத்தை நீ வச்சிருக்கே," என்றாள் அமுதினி.

"வேணும்னா எடுத்துக்கோ," என்றாள் குமுதினி. விளையாட்டாகச் சொல்லவில்லை. வயதுமாற்றுச் சிகிச்சை வந்திருந்தது. ஒரே மரபணு உள்ள இருவரில் ஒருவரின் இளம் குருத்தணுக்களை மற்றவருக்கு ஏற்றலாம். வாங்கியவருக்கு வயது இறங்கும், கொடுத்தவருக்கு ஏறும்.

அமுதினி பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சிகிச்சை முடிந்ததும் அவளுக்கு ஐம்பது, குமுதினிக்கு ஐம்பத்தைந்து. தங்கையின் கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையத்தைக் கண்டு வந்த சந்தோஷம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டிலும் எல்லாருக்கும் சந்தோஷம். "ஐம்பதுதானே, இன்னும் தெம்பு இருக்கு," என்று தர்மசீலன் சமையல்பொறியை யாருக்கோ கொடுத்துவிட்டார். மூத்த மகன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டான். படுக்கையில் கிடந்த மாமியாரைத் தூக்கிப் புரட்டுவதும் அவள் வேலையாயிற்று. மூன்றாம் வருடம் மானி மறுபடியும் அறுபத்தொன்று என்றது. குமுதினிக்கு நாற்பத்தெட்டு.

"எப்படிடி?" அமுதினி தங்கையின் கையைப் பிடித்து இறுக்கினாள். "என்ன மருந்து சாப்பிடுறே?"

"மருந்தெல்லாம் இல்லக்கா. தூங்குறேன். பசிச்சா சாப்பிடுறேன். உடம்பு சரியில்லன்னா லீவு போடுறேன்." குமுதினி சட்டைக் கையை மடித்துவிட்டாள். "இன்னொரு தடவை எடுத்துக்கோ."

அமுதினி அந்தச் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"உன் ரத்தம் வேண்டாம்டி. நான் பொறாமைப்பட்டது அதுக்கில்ல. உன் வீட்டுல எனக்கொரு அறை குடு."

அன்றே வந்துவிட்டாள். முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். இத்தனை வருடமும் இவள் இப்படியா தூங்கினாள் என்று, விழிக்கும்போதெல்லாம் தங்கைமேல் கோபம் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் தர்மசீலன் மானிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். இயந்திரம் பழுதாம். அவர் வயதைக் கன்னாபின்னாவென்று கூட்டிக் காட்டுகிறதாம்.