இணக்கி கழன்றபோது

ஆம்பூர் ஷூ ஆலையில் காலையில் வாசலைத் தாண்டுகிறவர்கள் முதலில் காதை மூடிக்கொள்வார்கள். இரண்டு காதையும் கவ்விப் பிடிக்கும் அந்தக் கருவிக்கு இணக்கி என்று பெயர். மாட்டிக்கொண்டால் வெளிச்சத்தம் ஒன்றும் நுழையாது. ஒருவர் எப்படித் திட்டினாலும் அது அந்தச் சூட்டை வடித்துவிட்டு, நல்ல வார்த்தையாக்கி, ஓரிரு நொடி கழித்து அடுத்தவர் காதில் போடும். "கண்ணு அவிஞ்சு பூட்ச்சா?" என்று கேட்டால் "சற்றுக் கவனியுங்கள்" என்று போய்ச் சேரும். சண்டை முளைக்கும் முன்பே சமரசம் நடந்துவிடுகிறது என்று நிர்வாகத்துக்கு ரொம்பப் பெருமை.

அப்படியும் ஒரு வழக்கு வந்துவிட்டது. அடித்தோல் வெட்டும் பிரஸ்ஸில் எஸ்தருக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. எதிரே நின்றவன் முனிரத்தினம். பிரஸ் இறங்கி, விரல் போய், அவள் அலறிய பிறகுதான் அவன் பேச்சு அவள் காதுக்கு வந்தது: "சகோதரி, கையைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள்."

வலியைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்த நிதானத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சமரச அறையில் மூன்று பேரும் இணக்கி மாட்டியிருந்தார்கள். நடுவர் நஸ்ரீன் உடன்பாட்டை மேசைத்திரையில் காட்டினாள். முனிரத்தினம் நேரத்தோடு எச்சரிக்காத தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டு வேலையை விட்டுப் போவான். எஸ்தருக்கு ஆயுசுக்கும் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவள் கட்டைவிரலை வைத்தால் முடிந்தது.

வலது கையைத் திரைமேல் நீட்டினாள். அப்போது முனிரத்தினம் ஏதோ சொன்னான். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: "நடந்ததற்கு வருந்துகிறேன்."

இந்த வார்த்தைக்கா இத்தனை நரம்பு?

"அன்னிக்கி நீ இன்னா சொன்ன?" என்றாள்.

"கையை விலக்கச் சொன்னேன்."

"அது தெரியும். உன் வாயால இன்னா சொன்ன?"

நஸ்ரீன் குறுக்கிட்டாள். "அதைக் கேட்க இணக்கியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் தகராறு என்று பதிவாகும். உடன்பாடு ரத்து. ஆலை உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை."

உட்கார்ந்து பார்க்கிற வேலை. நின்று நின்று கால் வீங்கிப்போன எஸ்தர் அதை ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். பிறகு இடது கையில் மிச்சமிருந்த விரல்களால் இணக்கியைக் கழற்றி மடியில் போட்டாள். முனிரத்தினமும் கழற்றினான்.

"இன்னாம்மே, பைத்தியமா நீ? எனுக்குத்தான் வேல போச்சி, நீயாவது பொழச்சிக்க. மாட்டு அத்த."

கரகரத்த, கிழிசல் குரல். இத்தனை வருஷம் எதிரெதிரே நின்றும் இன்றுதான் அவள் அதைக் கேட்கிறாள்.

"அன்னிக்கி மாதிரியே கத்து," என்றாள்.

"வேணாம்மே. அசிங்கமா இருக்கும்."

"விரலே பூட்ச்சி. அசிங்கம் என்னை இன்னா பண்ணும்? கத்து."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கைய எடுடீ, சனியனே!"

அவள் நினைக்கும் முன்பே, திரைமேல் இருந்த வலது கை வெடுக்கென்று நெஞ்சுக்கு வந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. முனிரத்தினமும் அந்தக் கையைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நஸ்ரீன் இன்னும் இணக்கிக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தக் கத்தல் வந்து சேரவில்லை.