கம்பி முறை

கம்பியை மூக்கன் செவ்வாய்க்கிழமையே அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனாலும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டிவியில் படம் தெளிவாக வந்தது.

சசிகலா அப்போது உள்ளறையில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். “அம்மா, படம் வருதும்மா” என்று மகள் மனிஷா கூப்பிட்டபோது, சும்மா விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தாள். தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்குப் பின்னால் மேட்டு உச்சியில் ஆன்டெனாவைத் தாங்கிக்கொண்டு நின்ற இரும்புப் பைப்தான் அந்தக் கம்பி. “இனி இங்க யாரு புள்ள டிவி பாக்கப் போறா? இரும்புக்காவது ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு, வாட்ச்மேன் மூக்கன் அதை அடியோடு அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனதை அவளே வாசலில் நின்று பார்த்தாள். அவன் சொன்னதிலும் தப்பில்லை. தேயிலை விலை விழுந்து நாலு வருடம் ஆகிறது. ஃபேக்டரி மூடிப் பதினோரு மாதம். இருபது வீடு கொண்ட லைனில் பத்தொன்பது வீடு பூட்டிக் கிடக்கிறது. இருபதாவது வீட்டையும் இன்றைக்குப் பூட்டிவிட்டு, நடுவட்டம் ரோட்டில் ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்து ஊட்டி போய், அங்கிருந்து மலையிறங்கித் திருப்பூர் போய்ச் சேர வேண்டும். புருஷன் பொன்ராஜ் அங்கே பனியன் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதமாகிறது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். எஸ்டேட் கிளப்பை மூடியபோது யாருக்கும் வேண்டாமென்று விட்டுப்போன பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. அதைத் திருப்பூருக்குச் சுமந்து போகவும் அவள் நினைக்கவில்லை. மேட்டிலிருந்து கூரை வழியாகத் தொங்கிய ஒயர் இன்னமும் பெட்டியின் பின்னால்தான் சொருகியிருந்தது. அதன் மறுமுனை புல்லில் கிடக்கும்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. பளபளக்கும் சுவர்கள், சுவரெங்கும் மினுக்கும் விளக்குகள், வாளியைக் கவிழ்த்துச் செய்த தலையோடு தத்தித் தத்தி நடக்கும் இயந்திர மனிதன், கழுத்து வரை ஜிப் போட்ட சட்டையில் ஒரு அக்கா, அவள் பின்னால் நாலு பிள்ளைகள்.

“அய்யோ, ராக்கெட்டு!” என்றாள் சசிகலா. அவள் குரலே அவளுக்குச் சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

பாத்திரம் கிடக்கட்டும் என்று மகளை ஒட்டிப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை மாதமாயிற்று இப்படி உட்கார்ந்து! கால் கடுத்தது, முதுகு கடுத்தது, மனசும்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் சனிக்கிழமை என்றால் பெரியவர்கள் கொழுந்தெடுக்க மலையேறிவிடுவார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. லைன் பிள்ளைகள் அத்தனை பேரும் கிளப் ஜன்னல் வழியாகக் குதித்து இந்தப் பெட்டியின் முன்னால் இடித்துப் பிடித்து உட்காருவார்கள். ராக்கெட் என்று அவர்களே பேர் வைத்த அந்தத் தொடரில் பேசுவதெல்லாம் இந்தி, ஒரு எழுத்து புரியாது. அதனாலென்ன, ஆளாளுக்கு ஒரு கதை. ராக்கெட்டின் பளபளப்புச் சுவர் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள்தான் என்று மட்டும் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபேக்டரிக்காரன் பிள்ளைகளிடமா ஏமாற்று வேலை? ஆனாலும் ஈயத்தாள் ராக்கெட் நட்சத்திரங்களுக்கு நடுவே போகும்போது ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள்.

அதை மகளுக்குச் சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. கம்பி முறையையும் சொன்னாள். இந்த மலையில் ஆன்டெனா சும்மா நின்றால் படம் வராது. ஒரு ஆள் மேலே போய்க் கம்பியைத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கையை எடுத்தால் படமும் போய்விடும். வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு முறை. மேலே இருப்பவர் “தெரியுதா?” என்று கத்த வேண்டும், கீழே இருப்பவர்கள் பதில் கத்த வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு, நின்றவருக்கு முழுக் கதையையும் ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம்.

“உன்னோட முறைக்கும் நின்னியாம்மா?”

“நின்னேன், நின்னேன்” என்றாள் சசிகலா.

கடைசிச் சனிக்கிழமை அவள் நிற்கவில்லை. அன்றைக்கு ராக்கெட்டின் கடைசி ஆட்டம். முறை அவளுடையது. தங்கச்சி தெய்வம்மாவைத்தான் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பினாள். மனிஷாவுக்கு இப்போது இருக்கும் அதே எட்டு வயது அவளுக்கு. அவள் பிடித்ததும் படம் எந்த வாரமும் வராத அளவுக்குத் துலக்கமாக வந்தது. ராக்கெட் முடிந்ததும் பாட்டுப் போட்டார்கள். “முடிஞ்சிருச்சாக்கா?” என்று மேலிருந்து சத்தம் வந்தது. “இன்னும் இல்லே, பிடி!” என்று சசிகலா கத்தினாள். தங்கச்சி மறுபடி கேட்டாள், சசிகலா மறுபடி இல்லை என்றாள். மூன்றாவது தடவை மேலிருந்து கேள்வி வரவில்லை. மேட்டை மூடுபனி மூடியிருந்தது. மூன்றாம் நாள் தெய்வம்மாவின் உடலைச் சோலைக்காட்டுப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். காட்டெருமை விரட்டியிருக்கும், வழி தவறியிருக்கும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ராக்கெட் அரைமணி நேரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்பதை அம்மாவிடம்கூட சசிகலா சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

படம் நடுங்கியது. இயந்திர மனிதனின் தலை இரண்டாகப் பிரிந்து, திரை முழுவதும் வெள்ளைப் பொரி பறந்தது. அதன் இரைச்சலுக்கு அப்பால், ஈரக் கூரைக்கும் பூட்டிய வீடுகளுக்கும் யாரும் வெட்டாமல் ஆளுயரம் வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகளுக்கும் அப்பால், மேட்டு உச்சியிலிருந்து மெலிசாக ஒரு குரல் இறங்கி வந்தது.

“தெரியுதா?”

சசிகலா மகளின் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். அதற்குள் மனிஷா, இப்போதுதானே கற்றுக்கொண்ட ஆட்டம், உற்சாகமாகக் கத்திவிட்டாள். “இல்லே! தெரியலே!”

பொரி அடங்கியது. படம் முன்னைவிடத் துலக்கமாக நின்றது.

“யாரும்மா மேல? மூக்கன் மாமாவா?”

சசிகலா எழுந்து வாசலுக்குப் போனாள். வெளியே மூடுபனியின் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. எதிர்வீட்டுப் படிக்கட்டுகூடத் தெரியவில்லை. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு ஃபேக்டரியிலிருந்து வறுத்த தூளின் மணம் லைன் முழுக்க நிற்கும். இப்போது அழுகிய இலையின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும், அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நனைந்த கம்பளிச் சட்டையின் வாடை அது. தெய்வம்மா அன்றைக்குக் கம்பளிச் சட்டையோடுதான் மேலே போனாள்.

திரும்பி வந்து டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். “செருப்புப் போடு. ரோட்டுக்குப் போயிரலாம்.”

“பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கேம்மா.”

“போடுன்னா போடு.”

பையை எடுக்க உள்ளே போனாள். பை கட்டிலுக்கு அடியில் சிக்கியிருந்தது. இழுத்துக்கொண்டு வந்தபோது பாய் காலியாக இருந்தது. செருப்பைக் காணவில்லை. கதவு திறந்திருந்தது.

“மனிஷா!”

மேட்டுப் பக்கம் திரும்பினாள்.

ஓடினாள். படிக்கட்டில் பாசி. விழுந்து எழுந்தாள். செடிகள் முகத்தில் அறைந்தன, சேலை கிழிந்தது. மூச்சு. அவளுடைய மூச்சு மட்டும்தான். தெய்வம்மாவின் முகத்தை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். கல். சேறு. இன்னொரு கல். உச்சி.

அறுபட்ட பைப்பின் அடிக்கட்டை புல்லில் துருத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பிள்ளை, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றுமில்லாத காற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது.

பின்னாலிருந்து வாரி எடுத்தாள். பிள்ளையின் கைகள் காற்றிலிருந்து பிய்ந்து வந்தன. ஐஸ் மாதிரி சில்லிட்ட கைகள் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன, முகம் அவள் தோளில் புதைந்தது. “சொல்லாமப் போவியாடி? சொல்லாமப் போவியா?” என்று திட்டிக்கொண்டே இறங்கினாள். அழுகையும் வந்தது. பிள்ளைக்குக் கனமே இல்லை. பதினோரு மாதம் அரைவயிறு, எங்கிருந்து கனம் வரும் பாவம். திருப்பூரில் நன்றாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தாள். இதோ லைன். இதோ வாசல்.

பிளக் கீழே கிடந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

மனிஷா பாயில் உட்கார்ந்திருந்தாள். “எங்கம்மா போன? நான் பின்னால ஒண்ணுக்குத்தானே போயிருந்தேன்” என்றாள். பிறகு அம்மாவின் தோளைப் பார்த்தாள். “அது யாரும்மா?”

சசிகலாவால் அசைய முடியவில்லை. கழுத்தைச் சுற்றிய கைகள் மெதுவாக நெகிழ்ந்தன. அது அவள் இடுப்பை உரசிக்கொண்டு கீழே சறுக்கி இறங்கியது. மனிஷாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஈரமான பின்தலை மட்டும் தெரிந்தது. முடியில் சருகு. பாயில் தண்ணீர் பரவியது. அது ராக்கெட்டைப் பார்த்தது. அந்தக் கடைசி வாரம் பார்க்கக் கிடைக்காத பசியோடு கண் கொட்டாமல் பார்த்தது.

படம் நடுங்கத் தொடங்கியது.

ஈரத் தலை மெல்லத் திரும்பியது. சசிகலாவின் பக்கம் திரும்பவில்லை, மனிஷாவின் பக்கம் திரும்பியது. வெளுத்த சின்னக் கை நீண்டு மனிஷாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

“இப்ப உன்னோட முறை.”

“இல்லே!” சசிகலாவுக்குக் குரல் வந்துவிட்டது. “அவளோட முறை இல்லே. என்னோட முறை தெய்வு. அன்னைக்கும் என்னோட முறைதான். நான் போறேன். அவள விடு. நான் போய்ப் பிடிக்கிறேன்.”

வெளுத்த விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். இருவருக்கும் நடுவே அது உட்கார்ந்திருந்தது. “அப்படியே உக்காந்திரு கண்ணு. அவளைத் தொடாதே. பஸ் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடு” என்றாள். மனிஷா பயத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுபடியும் படி. மறுபடியும் பாசி. இந்தத் தடவை அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. களைப்பு எல்லாம் தாண்டிப் போயிருந்தது. எத்தனை வருடம் இந்த ஏற்றத்தை ஏறாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்! உச்சியில் நின்று, அடிக்கட்டைக்கு மேலே, வெறும் காற்றில், இரண்டு கைகளையும் தூக்கினாள்.

உள்ளங்கையில் இரும்பு பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இரும்பு. துரு. ஈரம். குளிர் முழங்கை வரை ஏறியது, பிறகு தோள் வரை.

கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து சிரித்தார்கள். ராக்கெட்டில் அந்த வாளித் தலையன் விழுந்திருப்பான், அதற்குத்தான் எல்லோரும் சிரிப்பார்கள். மனிஷா சிரிக்கிறாள் என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை. சசிகலாவின் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. ஓடு கண்ணு, ஓடு என்று முணுமுணுத்தாள். மூடுபனிக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவுச் சத்தம் கேட்கவில்லை. பஸ் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு கிளம்பி, அடுத்த வளைவில் ஒருமுறை அடித்து, இல்லாமல் போனது.

மறுபடியும் கீழே சிரிப்பு.

இந்தத் தடவை ஒரு பிள்ளைதான் சிரித்தது. அது மனிஷாவின் சிரிப்பு இல்லை.

சசிகலா கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் திறக்கவில்லை.