ஒரு பழம் கூடுதல்

தெரணியகலையிலிருந்து வந்த பஸ் விஜயகலாவைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டபோது பகல் ஒரு மணிகூட ஆகவில்லை. ஆனால் வானம் அந்தி மாதிரி கறுத்துக் கிடந்தது. 2008ஆம் வருஷத்து ஜூன் மழை, மூன்று நாளாக விட்டபாடில்லை. குடையை இறப்பர் மரங்களுக்கு நடுவே சாய்த்துப் பிடித்தபடி மேட்டில் ஏறினாள். அட்டைகள் செருப்புக்குள் நெளிந்தன.

பழைய பிள்ளைக்காம்பராதான் இப்போது கொம்பியூட்டர் அறை. பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் போகும் தாய்மார் ஒரு காலத்தில் குழந்தைகளை விட்டுப்போன இடம். முன்பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல். மலைப்பக்கச் சுவர் மட்டும் புதுசாகக் கட்டிய சீமெந்து. அது ஏன் என்று விஜயகலா யாரிடமும் கேட்டதில்லை. கொம்பியூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

சாவி பிலோமினம்மாவிடம் இருந்தது. அறையைக் கூட்டித் துடைப்பது அந்த அம்மாதான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கைகளும் ஓயாமல் நடுங்கும். பூட்டில் சாவியைப் போடவே நாலைந்து தடவை முயல வேண்டியிருந்தது.

“இந்த மழையில எதுக்கு டீச்சர் வந்தீங்க?”

“சனிக்கிழமை கொழும்புல இருந்து ஆக்கள் வாறாங்கம்மா. புள்ளைங்க வெளையாட ஒண்ணு காட்டணும். அவங்களுக்குப் புடிச்சாத்தான் இந்த எடத்தத் தொடர்ந்து நடத்துவாங்க.”

பிலோமினம்மா தலையை ஆட்டிவிட்டு, பிளேன்டீ போட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

விளையாட்டு எளிமையானதுதான். நகம் அளவுள்ள, அசைவை அளக்கும் ஒரு சென்சரை விஜயகலா சவர்க்காரப் பெட்டிக்குள் ஒட்டி, வயரைக் கொம்பியூட்டரில் சொருகியிருந்தாள். பக்கவாட்டு, முன்பின், மேல்கீழ் என மூன்று எண்களை அது சொல்லிக்கொண்டே இருக்கும். எண்கள் அவள் வைத்த எல்லைக்கு மேல் துள்ளினால் அது ஓர் உலுக்கல். ஓர் உலுக்கலுக்குத் திரையிலுள்ள மரத்திலிருந்து ஒரு நாவற்பழம் விழும். பத்து செக்கனுக்குள் எத்தனை பழம் என்பதுதான் போட்டி.

பெட்டியை உலுக்கிப் பார்த்தாள். இருபத்து மூன்று.

இனி, சும்மா இருக்கும்போது பூச்சியம் காட்ட வேண்டும். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடக்கினாள்.

பழங்கள் கொட்டின. இருபத்து நான்கு.

எல்லை குறைவாக இருக்கும், கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற அதிர்வு மேசைக்கு வருகிறது என்று நினைத்தாள். எல்லையை இரண்டு மடங்காக்கினாள். வயரைக் கழற்றிச் சொருகினாள். பிறகு கை வலிக்க வலிக்க உலுக்கினாள். முப்பத்தொன்று. பெட்டியைத் தரையில், மடித்த சாக்கின்மேல் வைத்தாள்.

முப்பத்திரண்டு.

இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இம்மிகூட அசையவில்லை. பழம் விழும் சத்தம் மட்டும் ‘டொக், டொக்’ என்று கேட்டது. எங்கிருந்தோ பச்சை மண் வாடை வந்தது. எழுந்து பின்கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடியே இருந்தது.

ஒரு யோசனை வந்தது, வந்திருக்கக் கூடாத யோசனை. தன் முறைக்கு அவள் பெட்டியைக் கையில் எடுத்து, மூச்சை அடக்கி, கொஞ்சமும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். பூச்சியம்.

தரையில் வைத்தாள்.

பத்து செக்கனில் ஒன்பது போயிற்று.

டொக்.

ஒரே ஒரு பழம்.

“யாரு டீச்சர் வெளையாடுறது?”

விஜயகலா அலறியேவிட்டாள். வாசலில் பிலோமினம்மா. தேநீர் கோப்பைக்கு வெளியே சிந்திக்கொண்டிருந்தது.

“யாருமில்லம்மா. நா எத்தன எடுத்தாலும் அது ஒண்ணு கூட எடுக்குது.”

பிலோமினம்மா கோப்பையை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

“ஒண்ணு கூட…” என்று முணுமுணுத்தாள். “பிஸ்கட்டு குடுத்தா மத்தப் புள்ளைங்கள விட ஒண்ணு கூட வேணும்பா. ஊஞ்சல்ல ஆட்டுனா ஒண்ணு கூட. ஷாமிளான்னு ஒரு புள்ள, டீச்சர். நாலு வயசு.”

“யாரும்மா அது?”

“அஞ்சு வருஷத்துக்கு முன்னால மல சரிஞ்சு அந்தப் பக்கத்துப் பழைய சொவரோட உள்ள வந்திச்சி. நாந்தான் இங்க ஆயா. ஏழு புள்ளைங்க இருந்திச்சி, ஆறத் தூக்கி வெளிய போட்டேன். அவ கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். சேறு டீச்சர். வழுக்கிருச்சி. பின்பக்கப் பள்ளத்துக்கே கொண்டு போயிருச்சி.” தன் கைகளைப் பார்த்தாள். “அன்னைக்குத் தொடங்குன நடுக்கம்.”

விஜயகலா தடுப்பதற்குள் அவள் குனிந்து பெட்டியை எடுத்துவிட்டாள். ஆட்டம் தானாகத் தொடங்கியது. அந்தக் கைகளுக்குப் பழம் மழையாகக் கொட்டியிருக்க வேண்டும்.

திரையில் பூச்சியம்.

பிலோமினம்மாவின் கைகள் கல் மாதிரி நின்றிருந்தன.

“புடிச்சிருக்கா” என்றாள் ரகசியமாக. “டீச்சர்… அவ ஏங் கையப் புடிச்சிருக்கா.”

அவள் நடக்கத் தொடங்கினாள், பின்கதவை நோக்கி. கால்கள் தயங்கின, வலது கை மட்டும் முன்னால் நீண்டு, தாழ்வாக, அவளை இழுத்துப் போனது. வயர் விறைத்து அறுந்தது. திரையில் பூச்சியம் அப்படியே நின்றது. தாழை அவளே திறந்தாள். வெளியே சரிவு, செம்மண் குழம்பு, அதற்குக் கீழே பள்ளம்.

விஜயகலா பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரையும் சேர்த்தே அது இழுத்தது. செருப்பு வாசற்படியில் வழுக்கியது. பிலோமினம்மாவின் மணிக்கட்டைப் பற்றினாள். ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிருக்கு மேலே, விஜயகலாவின் விரல்களுக்கு அடியில், சின்னதாக, மெதுமெதுவென்று வேறு விரல்கள்.

எப்படியோ சொன்னாள்:

“ஷாமிளா… நீதான் ஜெயிச்ச. நாங்க தோத்துட்டோம். ஆட்டம் முடிஞ்சிருச்சி புள்ள. கைய விடு.”

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு பிலோமினம்மாவின் கை வெடவெடவென நடுங்கத் தொடங்கியது. பெட்டி நழுவிச் சரிவில் உருண்டு போனது. இரண்டு பேரும் வாசற்படியிலேயே விழுந்தார்கள். பிலோமினம்மா வாய்விட்டு அழுதாள். விஜயகலா அவளைக் கட்டிப் பிடித்தபடி, பள்ளத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அறையைப் பூட்டிக்கொண்டு நாலு மணிக்குக் கீழே இறங்கினார்கள். அந்த அம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். தெரணியகலை பஸ் ஆளில்லாமல் வந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் பிலோமினம்மா யன்னலோரமாகவும் விஜயகலா இந்த ஓரமாகவும் உட்கார்ந்தார்கள். ஏன் நடுவில் இடம் விட்டோம் என்று இருவருக்கும் தெரியாது.

கொண்டக்டர் வந்தான். விஜயகலா சிங்களத்தில் தெரணியகலைக்கு இரண்டு என்றாள். அவன் இரண்டு டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“மூன்று வயதுக்கு மேலே இருக்குமே, நோனா” என்றான் சிங்களத்தில், நடு இடத்தைப் பார்த்துச் சிரித்தபடி. “பிள்ளைக்கு அரை டிக்கட் எடுக்க வேண்டும். முதலில் அந்தத் தலையைத் துடைத்துவிடுங்கள், சேறாக இருக்கிறது.”