காலி டிஸ்க்

பல்லடத்துக்கு வெளியே, தறிக்கூடங்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பழைய வீட்டு வாசலில் நந்திதா ஸ்கூட்டரை நிறுத்தியபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய் பிசாசு நினைப்பு வருகிற நேரமா அது? பக்கத்துக் கூடத்தில் விசைத்தறிகள் போட்ட போட்டில், பேயே வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழுந்திருக்காது.

நந்திதா சூலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். கேமரா மாட்டுவது, செத்த லேப்டாப்பை எழுப்புவது, போட்டோவும் வீடியோவும் சேர்த்து வைக்கிற வீட்டு சர்வர்களைப் பராமரிப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. வாய் கொஞ்சம் நீளம், மனசு இளகினது. அன்றைக்கு அவள் பையில் இரண்டு புது ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன.

கதவைத் திறந்தவர் தறிக்காரர் மனோஜ்குமார்.

“வாங்கம்மணி. பொட்டி பையன் ரூம்ல இருக்குதுங்க.”

தரையைப் பார்த்துத்தான் சொன்னார். அறைக்குள் கால் வைத்ததும் நந்திதாவுக்கு மூக்கில் ஏறியது ஒரு வாசம். வாய்க்கால் சேற்று வாசம். ஜன்னல் சாத்தின அறை, தரை காய்ந்து கிடக்கிறது, பிறகு எங்கிருந்து வருகிறது இந்த ஈரம்? சுவரில் மாலை போட்ட படத்தில் ஒரு பையன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

“என்ர பையன் கவினுங்க. ரண்டு வருசமாச்சு, வாய்க்கால்ல போயிட்டான்” என்றார் மனோஜ்குமார். அதற்குமேல் அந்த அறையில் நிற்க முடியாதவர்போலக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

சர்வர் பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி புவனா. ஒரு கை பெட்டியின் மேல் இருந்தது.

“டிஸ்க் ஒன்னு டக்கு டக்குன்னு தட்டுதுங்க அம்மணி. அவன் வீடியோ பூராவும் இதுலதான் இருக்குது. இதும் போச்சுன்னா அவன் ரண்டாவது தடவ போயிருவானுங்க.”

பாவம், பெற்ற வயிறு அல்லவா. நந்திதா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியை நிறுத்திக் கழற்றிக்கொண்டே ஆறுதலாக விளக்கினாள்.

“பயப்படாதீங்க்கா. ரண்டு டிஸ்க் மாட்டறேன். ஒன்னு, புதுசாச் சேர்த்து வைக்க எடம். இன்னொன்னுக்குப் பேரு பேரிட்டி. மத்த டிஸ்க்குல ஏதாவது ஒன்னு செத்துப்போச்சுன்னா, மிச்சம் இருக்கறதை வெச்சுக் கணக்குப் போட்டு, செத்ததை அப்படியே திருப்பிக் கொண்டாந்துரும்.”

புவனா நிமிர்ந்தாள். “செத்ததைங்களா?”

“ஆமாங்க்கா. ஆனா ஒன்னைத்தான். ரண்டு போனா ஒன்னும் பண்ண முடியாது.”

“அந்தப் பேரிட்டிக்குன்னு உள்ள ஒன்னும் இருக்காதுங்களா?”

“இருக்காதுங்க. முன்னால ஏதாச்சும் இருந்தாலும் துப்புரவா அழிஞ்சுபோயிரும். மத்ததுக்காகவேதான் அது இருக்கறது.” சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தவள், நினைவு வந்து சேர்த்தாள். “இருக்கறதுலயே பெரிய டிஸ்க்குக்கு அது அளவுல எணையா இருக்கோணும். கட்டையா இருந்தா ஏத்துக்காது.”

“இப்ப எணையா ஆயிருச்சுங்க” என்றாள் புவனா.

அவள் பார்வை போன பக்கம் நந்திதாவும் பார்த்தாள். கதவு நிலையில் பென்சில் கோடுகள். பிள்ளைகள் வளர வளர உயரம் குறிப்பார்களே, அது. கவினின் கோடுகள் ஓர் இடத்தில் நின்றுவிட்டன. பக்கத்தில் தங்கச்சியின் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி வந்து, கடைசிக் கோடு அண்ணனுடையதற்கு நேராக நின்றது. ஈயம் இன்னும் மினுங்கியது.

அந்தத் தங்கச்சிதான் அக்ஷிதா. நந்திதா பெட்டியைத் திறந்ததிலிருந்து பக்கத்தில் குந்தி ஸ்க்ரூக்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடேயப்பா, என்ன வாய்! வாயில்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நந்திதாவைச் சொல்வார்கள். இவள் அவளையே மிஞ்சினாள். அந்தக் குட்டியை நந்திதாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

புவனா காப்பி வைக்க எழுந்து போனதும் பிள்ளையின் குரல் இறங்கியது.

“அக்கா, பேரிட்டிக்குக் காலி டிஸ்க்கைத்தான போடுவீங்க?”

“ஆமா கண்ணு.”

“நான் காலி இல்லீங்க்கா.”

நந்திதா சிரித்தாள். “நீயா? உன்ற வாய்க்கு நாலு டிஸ்க் பத்தாது.”

பிள்ளை சிரிக்கவில்லை. கேட்டிருக்கலாம், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே!

இரண்டு டிஸ்க்கையும் மாட்டி, சர்வரை எழுப்பி, பழையதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வீடியோவை ஓடவிட்டாள். கவின் காலரைக் கடித்தபடி கேமராவைப் பார்த்துக் கை ஆட்டினான். “சித்தெ இருங்ப்பா, சித்தெ இருங்.” கொஞ்சம் பொறுங்கள் என்கிறான், அப்பாவை எதற்கோ காக்க வைக்கிறான். காப்பியோடு வந்த புவனா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

லேப்டாப்பில் எச்சரிக்கை வந்தது. பேரிட்டி டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிக்கப்படும், சம்மதமா?

“நான் தட்டறனுங்க அம்மணி.”

புவனாவின் வலது கை பட்டனைத் தட்டியது. இடது கை அக்ஷிதாவின் உச்சந்தலையில் அழுந்தி இருந்தது.

வேலை தொடங்கியது. ஒரு நாள் முழுக்க ஓடுகிற வேலை அது. நந்திதா காப்பியை எடுத்து வாயில் வைத்தாள். அக்ஷிதா விட்ட இடத்தில் ஆரம்பித்தாள்.

“எங்க மிஸ் ஊட்ல ஒரு பூனை இருக்குதுங்க்கா. அது என்ன பண்ணுச்சுன்னா, ஒரு நா…”

நின்றுவிட்டாள்.

“ம், ஒரு நா?”

“என்னதுங்க?”

“உங்க மிஸ்ஸோட பூனை, கண்ணு.”

“எந்த மிஸ்ஸுங்க?”

நந்திதா திரையைப் பார்த்தாள். ஒரு காப்பி குடிப்பதற்குள் பாதி முடிந்திருந்தது. சேற்று வாசம் அறை முழுக்க ஏறியிருந்தது.

“உன்ற பேரென்ன சொல்லு.”

பிள்ளையின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

நந்திதா பதறிப்போய் நிறுத்து பட்டனைத் தட்டினாள். கேட்கவில்லை. யூ.பி.எஸ். வயரைப் பிடுங்கினாள். அந்நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது. தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன.

அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தாள்.

நிசப்தம்.

டக்கு.

டக்கு டக்கு.

வயர் அவள் கையில் தொங்குகிறது. பெட்டிக்குள் டிஸ்க் சுற்றுகிறது.

“அக்கா, புள்ளைய உடுங்க!” நந்திதா அலறிக்கொண்டு அக்ஷிதாவின் கையைப் பற்றி இழுத்தாள். கை சில்லிட்டு நனைந்திருந்தது. பிள்ளை வரவில்லை. மெதுவாகக் கவுன் காலரை வாய்க்குள் இழுத்துக் கடித்தாள்.

“சித்தெ இருங்” என்றாள். பையன் குரல்.

“வந்துட்டியா சாமி!” புவனா கட்டிக்கொண்டு கதறினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நந்திதா அதற்கு முன் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் வேண்டாம்.

மனோஜ்குமார் அறை வாசலில் சரிந்து உட்கார்ந்திருந்தார். நந்திதா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அக்ஷிதாவை என்னங்க பண்ணுனீங்க? அவ எங்கீங்க?”

“ஒன்னுதான திரும்பி வரும்னு நீங்களே சொன்னீங்கல்ல, அம்மணி.” வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார் மனுஷன்.

உள்ளேயிருந்து புவனாவின் குரல் நிதானமாக வந்தது. “அவளுக்கென்னங்க? புது டிஸ்க்குல எடம் இருக்குதுல்லீங்க.”

நந்திதா போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போனாள். என்னவென்று எழுதிக் கொடுப்பது? பிள்ளை வீட்டில், எல்லார் கண்ணெதிரிலும் நடமாடுகிறாள். காணோம் என்றால் யார் நம்புவார்கள்? திரும்பிவிட்டாள். மறுநாள் மனசு கேட்காமல் பல்லடத்துக்கே போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. தறி ஓட்டிக்கொண்டிருந்த கண்ணையா எட்டிப் பார்த்து, “பையனைக் கூட்டிக்கிட்டுச் சென்னிமலைக்குப் போயிருக்கறாங்க” என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் குழம்பி நின்றார்.

கடைக்கு வந்து உட்கார்ந்தபோது போன் முனகியது. அவள் மாட்டிக் கொடுத்த சர்வர்கள் எல்லாம் தினம் ஒரு தகவல் அனுப்பும். பல்லடத்துப் பெட்டியிலிருந்து வந்திருந்தது. பேரிட்டி சரி. எல்லா டிஸ்க்கும் நலம். புது டிஸ்க்கில் ஒரு கோப்பு.

அதில் எதையுமே அவள் போடவில்லை.

திறந்தாள். படம் இல்லை, கும்மிருட்டு. பின்னால் டக்கு டக்கென்ற சத்தம். அப்புறம், தூரத்தில், பழைய வாய் மாறாமல் ஒரு குரல்.

“…ஒரு நா அது மிஸ்ஸோட பைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இஸ்கூலுக்கே வந்துருச்சுங்க்கா. மிஸ் பையத் தொறந்தாங்களா, மியாவ்ன்னுச்சு. கிளாஸே சிரிச்சுதுங்க.”

டக்கு. டக்கு.

“அக்கா, நீங்க சிரிக்கவே இல்லீங்களே.”

நந்திதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இங்க ஒரே காலியா இருக்குதுங்க்கா. வந்து கழட்டுங்க.”