பத்தாயத்து ஓட்டையில் நான்கு விரல்கள்

அரசலாற்று முதலை என்னிடம் சுண்ணாம்பு கேட்டது என்று நான் சொன்னபோது, கோட்டுச்சேரி டீக்கடையில் எல்லோரும் நம்பினார்கள். பாக்கு கேட்கவில்லையா என்றுகூட ஒருவர் விசாரித்தார். அந்தத் தைரியத்தில் இதையும் சொல்கிறேன்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம், என் மகள் தேவிகா டி.ஆர். பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. அதில் இரண்டு புடவை, மாத்திரை டப்பா. கழுத்தில் கருநீலமாக ஐந்து தடங்கள்.

"அவரு அடிச்சாருப்பா."

"மாத்திரை போட்டியாம்மா?" என்றேன்.

ஏழு வருடமாக அவள் எதைச் சொன்னாலும் நான் கேட்கும் கேள்வி அது.

"போட்டேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் எங்கள் பத்தாயம் நிற்கிறது. ஆள் உயர மரப்பெட்டி. மேலே நெல்லைக் கொட்டி, அடியிலுள்ள ஓட்டையின் பலகையைத் தூக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது நெல் வயலிலிருந்தே விலைக்குப் போய்விடுவதால் உள்ளே எதுவும் இல்லை. தேவிகா சிறுமியாக இருந்தபோதும் பாதி வருடம் காலியாகத்தான் கிடக்கும். அப்போது அதற்கு நான் வேறு உபயோகம் வைத்திருந்தேன். பாலைக் கொட்டினால் உள்ளே. மார்க் குறைந்தால் உள்ளே. அழுதால், அழுததற்காக இன்னும் கொஞ்ச நேரம். மூன்று முறை தட்டுவாள். ஓட்டை வழியாக விரல்களை நீட்டி, "இனிமே செய்ய மாட்டேம்பா" என்பாள். ஒருநாள் விரல்கள் வெளியே இருக்கும்போதே பலகையை இறக்கினேன். மோதிரவிரல் நகம் இன்றும் கோணல்.

வளர்ந்த பிறகு அவளுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. "சின்ன வயசுல எதுவும் நடந்துச்சுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ராணி மாதிரி வளத்தேங்க" என்றேன்.

நான் சொன்ன பொய்களிலேயே உடனே நம்பப்பட்டது அதுதான்.

நாலு மணிக்கு மருமகன் ராஜ்மோகன் வந்தார். பத்தாயத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தேன்.

"தானே செவுத்துல இடிச்சுக்கிறா மாமா. நீங்கதான் எடுத்துச் சொல்லி அனுப்பணும்."

சுவருக்கு ஐந்து விரல் உண்டா என்று கேட்டிருக்கலாம்.

"காபி ஆறுது மாப்ள" என்றேன். அடுப்படிப் பக்கம் திரும்பி, "கெளம்பும்மா" என்றேன்.

தட். தட். தட்.

"எலி" என்றேன். என்ன சத்தம் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

ஈர நெல்லின் புழுங்கல் வாடை வந்தது. அதோடு, பயந்த குழந்தையின் மூத்திர வாடை.

என் வேட்டியின் ஓரத்தை ஏதோ இழுத்தது.

குனிந்தேன். ஓட்டைக்கு வெளியே நான்கு விரல்கள். சின்ன விரல்கள். மோதிரவிரல் நகம் நசுங்கி, அப்போதுதான் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது.

அடுப்படி வாசலில் தேவிகா நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் பையைப் பிடித்திருந்தன.

"இனிமே செய்ய மாட்டேம்பா," என்றது பத்தாயம்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாமா பாக்குறீங்க?"

"புள்ள... வெரல நீட்டுது."

ராஜ்மோகன் எட்டிப் பார்த்தார். சிரித்தார். "ஒங்களுக்கும் மாத்திரை எழுதணும் போலருக்கு."

கண்ணால் கண்டதைச் சொன்னவனுக்குக் கிடைக்கும் பதில் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த விரல்களைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தன.

"நாந்தாம்மா இனிமே செய்ய மாட்டேன்."

பிடி தளர்ந்தது.

"மாப்ள, நீங்க கெளம்புங்க. அவ வரமாட்டா."

அவர் கேட்டைச் சாத்திய சத்தத்தில் காக்கைகள் பறந்தன. தேவிகா பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் கேட்டுச்சுப்பா. மாத்திரை போட்டுட்டுத்தான் கேட்டுச்சு."

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் ராணி கதையைத் திருத்திச் சொன்னேன். ஆசாரியை வைத்துப் பத்தாயத்தைப் பலகை பலகையாகப் பிரித்தேன். அது நின்ற இடம் இப்போது வெறும் தரை.

நேற்று ராஜ்மோகன் போனில் அழுதார். "இனிமே அடிக்க மாட்டேன் மாமா, சத்தியமா." எனக்கு மனது லேசாக இளகியது. ஒருமுறை அனுப்பிப் பார்க்கலாமா என்று வாயைத் திறந்தேன்.

வெறும் தரையில் மூன்று முறை தட்டியது.