ஒரு சைஸ் பெருசு

இரண்டாம் மாடியின் விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டு வந்த மாடியக்கா, ட்ரையல் ரூம்கள் இருந்த கோடிக்கு வந்ததும் நின்றாள். மற்ற அறைகளின் கதவுகள் திறந்து கிடந்தன. சுவரோரம் இருந்த கடைசி அறை மட்டும் சாத்தியிருந்தது. கைப்பிடியை அழுத்திப் பார்த்தாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

யாரும் இருக்க வழியே இல்லை. மதியமே அந்த மாடியை அடைத்தாகிவிட்டது. எஸ்கலேட்டரை நிறுத்தி, அதன் வாயில் மேசைகளைக் குறுக்கே போட்டு, நல்ல துணியையெல்லாம் கீழே இறக்கியாகிவிட்டது. ஸ்டாண்டுகளையும் அலமாரிகளையும் விலைக்கு எடுத்தவர்கள் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொம்மைகளைக்கூட யாரோ இடுப்பில் கயிறு கட்டி வேனில் ஏற்றினார்கள். மிஞ்சியிருந்தவை, ஸ்டாண்டுகள் நின்ற இடங்களில் தரையில் விழுந்திருந்த வெளிறிய தடங்கள், மூலையில் யாரும் சீந்தாத ஒரு துணிக் குவியல், அந்த மாடியின் சுவர்களுக்குள்ளேயே ஊறிப்போயிருந்த புதுத்துணியின் கஞ்சி வாசனை. அவ்வளவுதான்.

அவள் கதவைத் தட்டினாள். "மேடம், மாடி அடைச்சாச்சு. கீழ போயிடுங்க."

உள்ளே துணி உரசியது. பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியபடி, ஆனால் தன்மையாக வந்தது.

"ஒரு நிமிஷம்மா. இது பத்தல. ஒரு சைஸ் பெருசு குடேன்."

"கொண்டு வரேன் மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கல்யாணமாகி வந்த வருஷம் இந்தக் கடையில் சேர்ந்தவள். அன்றிலிருந்து இதே மாடி, இதே பதில். தூக்கத்தில்கூட இதைச் சொல்லிப் புரண்டு படுப்பாள் என்று அவள் கணவன் கேலி செய்வான். மாடியை விட்டு இறங்காததால்தான் கடையில் எல்லோருக்கும் அவள் மாடியக்கா ஆனாள்.

குவியலிடம் போய்க் குனிந்தபோது முதுகு சுளீரென்றது. ஒரு வாரமாக நிமிர நேரமில்லை. 'கடை மூடல், எல்லாம் பாதி விலை' என்று வாசலில் துணி பேனர் ஏறிய நாளிலிருந்து, அதோடு பண்டிகைக் கூட்டமும் சேர்ந்துகொள்ள, ஊரே வாயைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. ஒரே சட்டையின் இரண்டு கைகளை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள், பின்னால் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள். தொலைந்துபோன குழந்தை ஒன்று அலறியது. அதன் அம்மா, இடம் போய்விடும் என்று, வரிசையில் நின்றபடியே "இங்க இருக்கேன்டா, இங்க இருக்கேன்" என்று கத்தினாள். கடை செத்துக்கொண்டிருப்பதற்காக யாரும் வரவில்லை. அது சாவதற்குள் பிய்த்துக்கொண்டு போக வந்தார்கள்.

கையில் அகப்பட்ட பெரிய சைஸ் குர்தா ஒன்றை உதறி எடுத்துக்கொண்டு கதவிடம் வந்தாள். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. சாதாரணக் கை. மெலிந்தது. குர்தாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. தாழ் விழுந்தது.

மாடியக்கா கைப்பேசியில் கீழே பில் கவுண்டரில் இருந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"ஏய் வாயாடி, மேல ஒரு கஸ்டமர் ட்ரையல் ரூம்ல இருக்காங்க. யாரு விட்டீங்க?"

"நாங்க எதுக்கு விடறோம் அண்ணி? இங்க நின்னுட்டு இருக்கறதுக்கே இடமில்ல. மாத்தல் மேடமா இருக்கும் பாருங்க. கடை மூடினாலும் எதையாவது மாத்தாம போக மாட்டாங்க."

மாடியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாரிடம் இருக்கும் ஒரே சொத்து அந்த வாய்தான். புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். முதல் வருஷம் இருவருக்கும் ஆகவே ஆகாது. அடுக்களையில் பாத்திரம்தான் பேசும். பிறகு மாடியக்காவே மேனேஜரிடம் சொல்லி அவளைப் பில் போட உட்கார வைத்தாள். வேலை முடிந்து, கால் கடுக்க, ஒரே பஸ்ஸில் ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கி வழிந்து வந்ததில் எப்போது சேர்ந்துகொண்டார்கள் என்று இருவருக்குமே தெரியாது. நாளையிலிருந்து இருவருக்கும் வேலை இல்லை. கடைசி நாள் புகார் எதுவும் வராமல் முடித்துக் கொடுத்தால், தெரிந்த வேறொரு கடையில் இரண்டு பேருக்கும் சொல்லி வைப்பதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். பிடித்துத் தொங்க இருந்தது அந்த ஒரு வாக்குதான்.

"அம்மா." கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "இதுவும் இறுக்கிப் பிடிக்குது. இன்னும் ஒரு சைஸ் பெருசு."

"மேடம், முன்னாடி குடுத்ததைத் தந்துடுங்க."

கை மட்டும் வெளியே வந்து காத்திருந்தது.

அவள் போய் எடுத்து வந்தாள். மறுபடி கேட்டது. மறுபடி போனாள். சலிப்புதான் இருந்தது, பயம் இல்லை. இப்படி ஒரு ட்ரையல் ரூம் வாசலில் அரை நாள் நின்ற அனுபவமெல்லாம் உண்டு. ஆனால் நான்காவதோ ஐந்தாவதோ தடவை துணியை நீட்டியபோது, அதை வாங்கிய கை முன்பு பார்த்ததுபோல மெலிந்து இல்லை என்று பட்டது. மணிக்கட்டில் சதை போட்டிருந்தது. விரல்கள் உருண்டிருந்தன. கதவிடுக்கில் ஒரு வாசனையும் வந்தது. ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன துணியைப் பல நாள் கழித்துப் பிரித்தால் வருமே, அது. அதனடியில் வெதுவெதுப்பாக வேறொன்று.

அவள் பின்னால் நகர்ந்தாள். எவ்வளவு துணி உள்ளே போயிருக்கிறது? ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கதவின் மேல்விளிம்பில் எதுவும் தொங்கவில்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. யாராவது உள்ளே மயங்கிக் கிடக்கிறார்களா என்று பார்ப்பதற்காக வைத்தது. துணியைக் காலடியில்தான் போட்டிருக்க வேண்டும். மாடியக்கா முழங்காலை ஊன்றி, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள்.

தரை துடைத்தாற்போல இருந்தது. ஒரு நூல் இல்லை. இரண்டு வெறும் பாதங்கள் மட்டும் சேர்ந்து நின்றன.

இடது பாதம் பெரியது, வெடிப்பு விழுந்தது. வலது பாதம் சின்னப் பெண்ணுடையது. நகத்தில் பழைய பாலிஷ் உதிர்ந்திருந்தது. தள்ளுபடிக் கூடையில் ஜோடி மாறிக் கிடக்கும் செருப்புகளைப் போல அவை பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

வலது பாதத்தின் விரல்கள் மெல்ல மடங்கின. அவள் பார்ப்பது தெரிந்துவிட்டதுபோல.

எப்படி எழுந்தாள் என்று தெரியாது. படிக்கட்டின் பக்கம் இருட்டு. அவள் கையாலேயே அணைத்த விளக்குகள். இப்போது அந்த இருட்டைக் கடந்துதான் சுவிட்சுக்கே போக வேண்டும். கீழே கூட்டத்தின் இரைச்சல், நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஒலிபெருக்கியில் "கடைசி ஒரு மணி நேரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் குரல். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மழுங்கிக் கேட்டது. நாத்தனாரை மறுபடி அழைத்தாள்.

"மேல வாயேன். எனக்கு... ஒரு மாதிரியா இருக்கு."

"அழறீங்களா அண்ணி?" நாத்தனாரின் குரல் மாறியது. "உங்களை அழ வச்சது யாரு? இருங்க, பில்லைப் பக்கத்து ஆளுகிட்ட குடுத்துட்டு வரேன். அந்தம்மாவை நான் பேசிக்கறேன்."

"வேணாம், நீ மேனேஜரைக் கூட்டிட்டு..."

அழைப்பு துண்டாகிவிட்டது.

"அம்மா," என்றது குரல். முன்பைவிடக் கனமாக, தொண்டை நிறைந்தாற்போல. "உள்ள ஸ்டாக் ரூம்ல இருக்குமே. பாத்துட்டு வா."

ஸ்டாக் ரூம் ட்ரையல் ரூம்களுக்குப் பின்னால் இருந்தது. வாடிக்கையாளர் யாருக்கும் அப்படி ஒரு அறை இருப்பதே தெரியாது. மாடியக்கா போனாள். எடுத்து வரப் போகவில்லை. அந்த அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு என்ற ஒரே நினைப்பில் போனாள். காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று தாழ்ப்பாளைப் போட்டபோதுதான் உறைத்தது, நாத்தனார் மேலே வந்துகொண்டிருக்கிறாள்.

படியில் செருப்புச் சத்தம். இருட்டில் எதிலோ இடித்துக்கொண்டு "ச்சே" என்றாள். நெருங்கி வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கணீரென்று எழுந்தது.

"யாருங்க உள்ள? கடையே போச்சு, இனிமே சின்னதும் கிடையாது பெருசும் கிடையாது. வெளிய வாங்க. எங்க அண்ணி எங்க?"

மாடியக்கா தாழ்ப்பாளை இழுத்தாள். அது வரவில்லை. துருவேறியது. இரண்டு கையாலும் இழுத்தாள். "உள்ள போகாதே!" என்று கத்தினாள். சுவர் அதை விழுங்கிக்கொண்டது.

சுவருக்கு அப்பால் அறைக்குள்ளிருந்த அந்தக் குரல் மெதுவாக எதையோ சொன்னது. என்ன என்று கேட்கவில்லை.

"அட, அண்ணியா?" என்றாள் நாத்தனார். "உள்ள என்ன பண்றாங்க?"

தாழ் திறக்கும் சத்தம். தாழ் விழும் சத்தம்.

அலறல் ஏதும் வரவில்லை. பிறகு வந்ததெல்லாம் மாடியக்காவுக்கு ஆயுசு முழுக்கப் பழகிய சத்தங்கள். கொக்கியிலிருந்து ஹேங்கரை எடுப்பது. பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்ப்பது. கனமான எதையோ ஒரு உதறு உதறுவது. ஒரு காலைத் தூக்கி, சுவரில் சாய்ந்து, உள்ளே நுழைப்பது. இன்னொரு கால். தலை வழியாக இழுத்துவிடும்போது வரும் அந்தச் சின்ன முனகல்.

பிறகு திருப்தியான ஒரு பெருமூச்சு.

தாழ்ப்பாள் திடீரென வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளங்கை கிழிந்திருந்தது. வெளியே வந்தாள். கடைசி அறைக்கு முன்னால் நாத்தனாரின் செருப்புகள். ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில். படிக்கட்டு வலப்பக்கம். ஓடலாம். ஓட வேண்டும்.

கணவனிடம், அவள் அண்ணனிடம், என்ன சொல்வது? விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றா?

"அடியே," என்றாள். "அடியே, வாடி. வீட்டுக்குப் போலாம்."

கதவு திறந்தது.

நாத்தனார்தான். முதுகைக் காட்டி, கண்ணாடியைப் பார்த்து நின்றாள். மாடியக்காவுக்கு உடம்பு முழுக்க உயிர் திரும்பி வந்தது. ஒரு அடி முன்னால் வைத்தாள்.

நாத்தனார் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். முழங்கையில் சுருங்கியிருந்த தோலை இரண்டு விரலால் பிடித்து, சட்டைக் கையைச் சரிசெய்வதுபோல, மணிக்கட்டு வரை நீவிவிட்டாள். கழுத்துக்கடியில் விரலை நுழைத்துத் தளர்த்தினாள். விரல் உள்ளே போனது. கண்ணாடியில் தெரிந்த கண்கள் மாடியக்காவைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தன.

"இங்க மட்டும் கொஞ்சம் பிடிக்குது," என்றது அந்தக் குரல், நாத்தனாரின் வாயிலிருந்து. "பரவால்ல. போடப் போடத் தளர்ந்துடும்."

மாடியக்கா சுவரில் முட்டி நின்றாள்.

அது வெளியே வந்தது. செருப்பைத் தாண்டி வந்தது. புதுச் செருப்பு போட்டுப் பார்ப்பவர்களைப் போல, அணைக்காமல் விட்ட அந்த ஒற்றை விளக்கின் கீழே நாலு எட்டு நடந்தது. நின்று, கழுத்தை வளைத்து, பின்பக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தது. திரும்பி வந்தது. மாடியக்காவைத் தலையிலிருந்து கால் வரை, கால் முதல் தலை வரை, நிதானமாகப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை. தோள் அகலத்தைப் பார்த்தது. கையின் நீளத்தைப் பார்த்தது.

"நல்லா இருக்கு," என்றது. "கூட வந்தவங்களுக்கும் வேணும்."

கூட வந்தவர்கள்.

ட்ரையல் ரூம் வரிசை முழுவதும், அதுவரை திறந்தே கிடந்த கதவுகள் எல்லாம் இப்போது சாத்தியிருந்தன. முதல் கதவு கொஞ்சம் திறந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க. கிழக் கை. வளையல் தழும்பு விழுந்த கை. சூம்பிய கை. மெலிந்து, வெளுத்து, எல்லாம் அசையாமல் காத்திருந்தன.

வரிசையின் நடுவில் ஒன்று மட்டும் மிகச் சின்னது. அதற்குப் பொறுமையில்லை. விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது.