விடை தொலைந்த விடுகதைகள்

"வீட்டுல ஆளிருந்தா ஆணியில தொங்குவான். ஆளில்லேன்னா வாசல்ல தொங்குவான். யாரு அவன்? சொல்லுங்க பாப்போம்!"

பரிபூரணத்தின் அத்தை ஞானபாக்கியம் இப்படிக் கேட்டால் போதும், அவளுடைய டெலிபோன் பூத்தில் காத்திருப்பவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். "விடையச் சொல்லும்மா" என்று கெஞ்சுவார்கள்.

"போன் பேசி முடிச்சிட்டு வாங்க, சொல்லுதேன்" என்பாள் அத்தை.

அத்தைக்குக் கண் தெரியாது. ஆனால் டெலிபோன் பொத்தான்களை விரலால் தடவியே எந்த ஊருக்கும் லைன் போட்டுவிடுவாள். வாய்ப் பேச்சைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்!

இந்த விடுகதைகளைப் பரிபூரணத்தின் அண்ணன் தவசிமுத்து இண்டர்நெட்டில் ஏற்றினான். அவன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். ராஜபாளையத்தில் அப்போதுதான் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. வெப்சைட் வைக்க ஒரு கம்பெனி இலவசமாக இடம் கொடுத்தது. விடுகதைக்கு ஒரு பக்கம். அதன் அடியில் 'விடை' என்று இருக்கும். அதைத் தட்டினால் விடைப் பக்கம் திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலே 'ஞானபாக்கியத்தின் விடுகதைகள்' என்று எழுதியிருந்தான்.

பரிபூரணம் அதை வாசித்துச் சொன்னதும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

"என் பேரா போட்டிருக்கு? பெரிய எழுத்துலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிறகு அப்பாவுக்கு வேலை மாறியது. குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்தது. அத்தையின் பூத்தும் கூடவே வந்தது. அம்மா புது வீட்டில் சாமான்களைப் பழைய வீட்டில் இருந்த வரிசையிலேயே அடுக்கினாள். அதனால் வந்த முதல் நாளே அத்தை யார் கையையும் பிடிக்காமல் சமையலறைக்குள் போய் எல்லாருக்கும் காபி போட்டுவிட்டாள்.

பரிபூரணம் சேர்ந்த புதுப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது. கம்ப்யூட்டர் சார் பக்கீர் முகமது, "உங்க அத்தை விடுகதைய நம்ம கம்ப்யூட்டர்ல காட்டுவோமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான்! அன்றிலிருந்து அத்தை பூத்தில் ஒருவருக்கும் விடை சொல்லவில்லை.

"சனிக்கிழம பள்ளிக்கூடத்துக்கு வாங்க. அங்க தட்டுனா விடை வரும்" என்று வந்தவரை எல்லாம் அழைத்துவிட்டாள்.

"ஏட்டி பரி, விடை வந்ததும் சனங்க சிரிப்பாங்கல்லா, அந்தச் சத்தத்த நான் கேக்கணும்" என்றாள்.

"கேப்பீங்க அத்தை. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் பரிபூரணம்.

வெள்ளிக்கிழமை மாலை, அண்ணன் எல்லாப் பக்கங்களையும் பிளாப்பி டிஸ்கில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான். விடுகதைகள் திரையில் அழகாக வந்தன. 'விடை'யைத் தட்டினான். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. அடுத்ததைத் தட்டினான். அதற்கும் அதே பதில்தான்.

அண்ணன் திரையின் மேலே இருந்த அட்ரஸைப் பார்த்தான். "நமக்கு இடம் கொடுத்த கம்பெனிய போன மாசம் மூடிட்டாங்க பரி. நான் எல்லாத்தையும் வேற கம்பெனிக்கு மாத்திட்டேன். ஆனா 'விடை'யத் தட்டுனா, அது இன்னும் பழைய இடத்துக்கே போகுது!"

"இப்ப என்ன செய்ய?"

"புது இடத்து அட்ரச எல்லாத்துலயும் எழுதணும்."

"இங்க இண்டர்நெட்டே கெடையாதேப்பா. புது இடத்துக்கு மட்டும் எப்படிப் போகும்?" என்றார் சார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தும் அவன் முகம் தெளியவில்லை. அம்மா தண்ணீர்ப் பானையை நிரப்பச் சொன்னாள். எதையோ நினைத்துக்கொண்டே நிரப்பி, எங்கோ வைத்தான்.

செத்த நேரத்தில் அத்தை பூத்திலிருந்து வந்தாள். நேராகச் சமையலறைக்குள் போனாள். அடுத்த நிமிடம், பானையில் கால் இடறி, தடால்! அறை முழுக்க வெள்ளம்.

"ஏலே தவசி! பானைய இடது பக்கமா வச்ச?" ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே அத்தை கத்தினாள். "வீடு எதுவா இருந்தா என்னலே? நுழைஞ்சதும் வலது கைப்பக்கம் தண்ணி. தண்ணிக்கு அடுத்து அரிசி. அரிசிக்கு அடுத்து அடுப்பு. நம்ம வீட்டு வழக்கத்த மாத்தலாமா?"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பரிபூரணம் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணா, விடைக்கு எப்படி வழி எழுதின?"

"முழு அட்ரஸ்தான். கம்பெனி பேரு, நம்ம இடத்தோட பேரு, பொறவு 'விடை மூணு'ங்கிற பைல் பேரு."

"விடுகதையும் விடையும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"ஆமா. பக்கத்துல பக்கத்துல."

"பக்கத்துல இருக்கவனுக்கு எதுக்கு முழு அட்ரஸ்? 'எனக்கு அடுத்து விடை மூணு'ன்னு சொன்னா போதாதா? அத்தை அரிசியத் தேடி ராஜபாளையத்துப் பழைய வீட்டுக்கா போறாங்க?"

அண்ணன் வாயைப் பிளந்தான். "அட, ஆமா! பைல் பேர மட்டும் எழுதுனா போதும். பக்கத்துலயே தேடிக்கும். இது எனக்குத் தோணலையே!"

"உனக்கு எங்க தோணும்? பானைய எங்க வைக்கணும்னே தோணலையே" என்றாள் அத்தை.

மறுநாள் விடிந்ததும் சார் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட்டார். நீளமான அட்ரஸ்களை எல்லாம் அண்ணன் வெட்டினான். ஒன்றுகூட விட்டுப்போகாமல் பரிபூரணம் பார்த்துக்கொண்டாள். "முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போற வழி, எல்லாப் பக்கத்துலயும் மேல வலது பக்கம் இருக்கணும்" என்றும் சொன்னாள்.

"ஏன் வலது பக்கம்?" என்றார் சார்.

"எங்க வீட்டு வழக்கம் சார்."

'விடை'யைத் தட்டினார்கள். திறந்தது! அண்ணன் பிளாப்பியோடு பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினான். புது இடத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தான். "அங்கயும் திறக்குது பரி! ஒரு எழுத்துகூட மாத்தல!"

கண்காட்சியில் கூட்டம் தாங்கவில்லை. முதல் ஆளாக வந்தவர் காய்கறி வியாபாரி பால்சாமி அண்ணாச்சி. ஆணியில் தொங்குகிறவன் யாரென்று தெரியாமல் அவருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லையாம்.

பரிபூரணம் அத்தையின் விரலைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள். "தட்டுங்க அத்தை."

அத்தை தட்டினாள். திரையில் 'பூட்டு' என்று வந்தது.

"அட கூறுகெட்டவனே!" அண்ணாச்சி தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "சாவிய இடுப்புல சொருகிக்கிட்டே ஒரு வாரமா யோசிச்சிருக்கேனே!"

அறையே குலுங்கிச் சிரித்தது. அத்தை அந்தச் சத்தம் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"எம்புட்டுப் பேருட்டி சிரிக்காங்க?"

"அறை நெறைய அத்தை. வாசல்லயும் நிக்காங்க."

அத்தை பரிபூரணத்தின் கையைத் தேடிப் பிடித்தாள். கண்காட்சி முடியும்வரை விடவே இல்லை.

திங்கட்கிழமை பூத்தில் புது விடுகதை தயாராக இருந்தது.

"ஒரே குடும்பம், பல ஊருல குடியிருக்கு. எந்த ஊருல போய்த் தட்டுனாலும் பக்கத்துலயே விடை கிடைக்கும். அது என்ன?"

பால்சாமி அண்ணாச்சி இடுப்பைத் தடவிப் பார்த்தார். இந்த முறை சாவி உதவவில்லை. "விடையச் சொல்லும்மா, இன்னொரு வாரம் என்னால முழிக்க முடியாது!"

"அத என் மருமகதான் கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சா. அவளையே கேளுங்க" என்றாள் அத்தை.

அண்ணாச்சி ஆவலோடு திரும்பினார். பரிபூரணம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"போன் பேசி முடிச்சிட்டு வாங்க, சொல்லுதேன்."